கப்பல் வந்துவிட்டது, கரைக்குக் கொண்டுவருவது யார்?

புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "சுனாமி வந்த தீவுகளுக்கு நாலா பக்கமிருந்தும் நாடுகள் உதவி அனுப்புகின்றன. கப்பல், விமானம், பணம் எதற்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக்கூட 'எங்களுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை' என்று தீவுக்காரர்கள் சொல்கிறார்களே, ஏன்? இனிமேல் இப்படி ஏதாவது நடந்தால் நாங்கள் பொருள் திரட்டி அனுப்பலாமா? போன முறை வேறொரு பேரிடருக்குத் திரட்டிய போர்வைகள் இருபது மூட்டை விடுதி அறையில் அப்படியே கிடக்கின்றன."

போர்வை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் வேலை பார்த்தார். 2004 டிசம்பரில் நான் செய்த நிவாரண வேலை, ஊரில் எல்லாரையும் போல, யாரும் கூப்பிடாமல் ஓடிப்போய்ச் செய்தது. அதற்கப்புறம் ஒரு தொண்டு நிறுவனம் கிடங்கு வேலைக்கு ஆள் எடுத்தது. போர்ட் பிளேரில் ஒன்றரை வருஷம் இருந்தேன். இப்போது அந்த ஊரை ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள். ஆக, நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது.

முதலில் கடலூர் துறைமுகத்தை ஒரு தடவை போய்ப் பாருங்கள். பாதி பதில் அங்கேயே இருக்கிறது. பெரிய கப்பல் இங்கே கரையை ஒட்டி வராது. வெளியே ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை அங்கேயே லைட்டர் என்ற சரக்குப் படகில் இறக்கி, முகத்துவாரம் வழியாக உப்பனாற்றுக்குள் இழுத்து வருவார்கள். முகத்துவாரத்தில் மணல் ஏறிக்கொண்டால் லைட்டரும் நின்றுவிடும். வாடைக் காற்று பலமாக அடித்தால் கப்பலுக்கும் லைட்டருக்கும் நடுவில் ஆள் தாவ முடியாது. கடல் கடந்து வந்த உர மூட்டை, ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நாள்கணக்காகக் காத்துக் கிடந்த கதைகளை அப்பா நிறையச் சொல்வார்.

உங்கள் புதுச்சேரியும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்தது சலங்கு என்ற படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் போட்டாலும் நெளிந்து கொடுக்கும், பிளக்காது. கவர்னரே வந்தாலும் சலங்குக்காரர் சம்மதித்தால்தான் காலில் மண் படும்.

தீவுகளுக்குப் போகும் நிவாரணத்தில் நடப்பதும் இதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒரு தீவு நாட்டின் தலைநகர் வரைக்கும் சரக்கு வருவது இந்தக் காலத்தில் பெரிய வித்தை இல்லை. ஐ.நா. அமைப்புகள் துபாய், பனாமா, மலேசியாவின் சுபாங் போன்ற இடங்களில் கூடாரம், தார்ப்பாய், தண்ணீர்த் தொட்டி எல்லாம் மூட்டை கட்டித் தயாராகவே வைத்திருக்கின்றன. ஒன்றிரண்டு நாளில் விமானம் கிளம்பிவிடும். சிக்கல் அதற்கப்புறம். தலைநகரிலிருந்து பெரிய தீவு, அங்கிருந்து சின்னத் தீவு, அந்தத் தீவின் மணலில் நிற்கிற ஆள். ஒவ்வொரு படியிலும் வண்டி சிறிதாகிக்கொண்டே வரும். கடைசிப் படியில் ஒரு படகும், அதை ஓட்டத் தெரிந்த ஒருவரும் வேண்டும். சுனாமி முதலில் கொண்டுபோவது அந்த இரண்டையும்தான்.

இதை நான் புரிந்துகொண்டது அக்கரைக்கோரிக்குப் போனபோது. உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல் பட்டையில் இருக்கிற ஊர் அது. முதுநகர்ப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் கேட்கும், அவ்வளவு கிட்டே. சுனாமி வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, முகாமுக்கு வராமல் வலையையும் உடைந்த படகையும் காத்துக்கொண்டு அங்கேயே இருந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. இந்தக் கரையில் இருபது லிட்டர் கேன்கள் மலையாகக் கிடக்கின்றன. எந்தெந்த ஊர்க்காரர்களோ லாரியில் அனுப்பியவை. ஆனால் படகு இல்லை. ஆற்றில் மிதந்ததெல்லாம் பாதிப் படகுகள். கடைசியில் ஐஸ் கம்பெனிச் சுவர் ஓரம் ஒதுங்கிக் கிடந்த ஒரு பைபர் படகை நாலு பேர் நிமிர்த்தினார்கள். பின்பக்கம் விரிசல். சாக்கைக் கிழித்துத் திணித்து, மேலே தாரைப் பூசி இறக்கினோம்.

"எத்தனை கேன் ஏத்தலாம்ணே?" என்று படகு ஓட்ட வந்த அண்ணனைக் கேட்டேன்.

"பத்து ஏத்து தம்பி. அதுக்கு மேல தண்ணிய ஏத்தினா, தண்ணிய எறைக்கணும்."

பத்து கேன் என்றால் இருநூறு லிட்டர். பாதி ஆறு தாண்டவில்லை, நீருக்கடியில் கிடந்த வலை இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அந்த அண்ணன் வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு குதித்தார். அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அறுத்த வலைத்துண்டை அவர் தூக்கிப் போடவில்லை. மிதவையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், யாருடைய வலை என்று தெரிந்துகொள்ள. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கே தாகம். கூப்பிடு தூரம் அது. அதற்கே இருநூறு லிட்டருக்கு அரை நாள்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். மனிதாபிமானப் பணியில் இருப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவுகோல், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர். ஆயிரம் பேர் உள்ள தீவுக்கு 15,000 லிட்டர், அதாவது 15 டன். நல்ல நிலையில் உள்ள படகு ஒரு டன் ஏற்றும் என்று வைத்தாலும் தினம் பதினைந்து நடை. நாளைக்கும் பதினைந்து, நாளை மறுநாளும் பதினைந்து. ஹெலிகாப்டர் என்பீர்கள். மி-8 மாதிரி ஒன்று ஒரு தடவைக்கு மூன்று, நான்கு டன் தூக்கும். அதுவும் எரிபொருள் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அதே ஹெலிகாப்டர்தான் அடிபட்டவரையும் ஏற்றியாக வேண்டும். முதல் மூன்று நாள் ஹெலிகாப்டரில் தண்ணீர் பாட்டில் இறக்குவது தவிர்க்க முடியாதது, சரி. பத்தாம் நாளும் அதையே செய்துகொண்டிருந்தால் யாரோ கணக்குப் போடவில்லை என்று அர்த்தம்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தண்ணீரைவிட, தண்ணீர் எடுக்கும் இயந்திரத்தை அனுப்பப் பார்ப்பார்கள். 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் தீவு நாடான டோங்காவில் கடலடி எரிமலை வெடித்துச் சுனாமி வந்ததே, அப்போது நியூசிலாந்து அனுப்பிய ஆட்டேயாரோவா என்ற கடற்படைக் கப்பல் 2,50,000 லிட்டர் தண்ணீரை ஏற்றி வந்தது. அத்தோடு ஒரு நாளைக்கு 70,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் வசதியும் அதில் இருந்தது. கொண்டுவந்தது தீர்ந்தாலும் நின்ற இடத்திலேயே ஊறிக்கொண்டிருக்கும்.

தீவில் தண்ணீர் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு சந்தேகம் வரலாம். மாலத்தீவு போன்ற பவளத் தீவுகளில் ஆறு, ஏரி கிடையாது. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கும். உப்பு நீரைவிட நல்ல நீர் லேசு என்பதால் நிற்கிறது, அவ்வளவுதான். அந்தப் படலத்தைத்தான் கிணறு தோண்டிக் குடிக்கிறார்கள். சுனாமி தீவுக்கு மேலே ஏறிப் போனதும் கிணற்றுக்குள் கடல் இறங்கிவிடுகிறது. உடனே எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு: மோட்டாரை வைத்துக் கிணற்றை வேகமாக இறைத்துவிடுவது. மேலே இருக்கும் கொஞ்ச நஞ்ச நல்ல நீர் போனதும், கீழே இருக்கும் உப்பு மேலே ஏறி வரும். இலங்கையின் கிழக்குக் கரையில் இப்படி இறைத்தே கெடுத்த கிணறுகள் உண்டு. கொஞ்சமாக இறைத்துவிட்டு மழைக்காகக் காத்திருப்பதுதான் வழி. மழை வரும் வரைக்கும் வெளியிலிருந்து தண்ணீர் வந்தாக வேண்டும். நம் கடற்கரைக் குப்பங்களிலும் கைப்பம்பு வெகுநாள் உப்புக் கரித்தது. ஆனால் நமக்கு ரோடு இருந்தது, டேங்கர் லாரி வந்தது.

ரோடு இல்லாத இடத்தில் விமானத்தளம் ஒன்றுதான் வாசல். அந்த வாசலை எது வேண்டுமானாலும் அடைத்துவிடும். டோங்காவில் ஓடுதளம் முழுக்க எரிமலைச் சாம்பல். ஜெட் இஞ்சினுக்குள் சாம்பல் போனால் இஞ்சின் காலி. ஆட்கள் மண்வாரியும் துடைப்பமும் வைத்துப் பல நாள் கூட்டித் தள்ளி முடித்த பிறகுதான், ஐந்தாம் நாள் முதல் நிவாரண விமானம் இறங்கியது. 2005 ஜனவரியில் இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில், பண்டா அச்சே விமான நிலையத்தில் இன்னும் விசித்திரம். இறங்கிய சரக்கு விமானம் ஓடுதளத்தில் மேய்ந்த எருமை மீது மோதி நின்றுவிட்டது. உலகமே வரிசையில் நின்று விமானம் அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு எருமையால் பல மணி நேரம் ஓடுதளம் மூடிக் கிடந்தது. நம் ஊரில் மாடு படுத்தால் பஸ் நிற்கிறதென்று திட்டுகிறோம்.

கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளத்தையே அலை அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானப்படையினரும் குடும்பத்தினரும் இறந்தார்கள். உதவ வேண்டியவர்களே உதவி வேண்டி நின்ற நிலை. தெற்கே கிரேட் நிக்கோபாரின் நிலமே நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் நின்றது. நிலம் தாழ்ந்தால் தோணித்துறையும் அதோடு தாழ்கிறது. மிச்சமிருந்த ஜெட்டிகளும் உடைந்தவை. வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழம் எதையும் நம்ப முடியாது. கப்பல் தலைவர்கள் தயங்கினார்கள் என்றால் பயத்தால் அல்ல, அடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாததால்.

போர்ட் பிளேர் கிடங்கில் என் வேலை ரசீது எழுதுவது. சென்னையிலிருந்து கப்பல் மூன்று நாளில் வந்துவிடும். அங்கிருந்து கார் நிக்கோபாருக்கு இரவுப் பயணம். ஆனால் கச்சால், சௌரா, தெரசா என்று அடுத்தடுத்துப் பிரித்து அனுப்ப, எந்தக் கப்பல் எப்போது எந்தத் தீவில் நிற்கும், அங்கே இறக்க ஆள் உண்டா என்பதை வைத்துத்தான் சரக்கைக் கட்ட வேண்டும். ஒரு தடவை தார்ப்பாய்க் கட்டுகள் வந்தன. ஒவ்வொரு கட்டும் எண்பது கிலோவுக்கு மேல். கிடங்கில் அழகாக அடுக்க வசதி. ஆனால் தீவில் ஜெட்டி கிடையாது. கப்பலிலிருந்து கயிற்று ஏணியில் சின்னப் படகுக்கு இறக்கி, படகிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் தோளில் சுமந்து போக வேண்டும். எண்பது கிலோவை யார் சுமப்பார்? மூன்று இரவு உட்கார்ந்து அத்தனை கட்டையும் பிரித்து, ஆள் தூக்குகிற அளவுக்கு மறுபடி கட்டினோம். பக்கத்தில் இருந்த நிக்கோபார் பையன் ஒருவன் கட்டைத் தூக்கிப் பார்த்து, "இது எங்க பாட்டி தூக்கும்" என்று சொன்னால்தான் அடுத்ததுக்குப் போவோம். இப்போதும் ஒரு மூட்டையைப் பார்த்தால் என் கை தானாக எடை போடும்.

அப்புறம் காற்று. 2010 அக்டோபர் 25இல் இந்தோனேசியாவின் மெந்தாவாய்த் தீவுகளில் சுனாமி வந்து 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுமாத்ராவின் பாடாங் நகரிலிருந்து படகில் போக நல்ல நாளிலேயே பத்து மணி நேரத்துக்கு மேல். அந்த வாரம் மழையும் கொந்தளிப்பும். அரிசியும் கூடாரமும் சிகாகாப் என்ற சின்னத் துறைமுகத்தில் குவிந்து கிடக்க, அதே தீவுக்கூட்டத்தின் மறுபக்கத்தில் இருந்த ஊர்களுக்குப் படகு போக முடியவில்லை. செய்தியில் 'தாமதம்' என்று ஒரே வார்த்தையில் போய்விடும். அங்கே கரையில் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும், அலையைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு வேணாம்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டமான வார்த்தை என்று.

கடல் விட்டாலும் காகிதம் விடாது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும்: அடுத்த நாட்டுக்குள் உதவிக்குக்கூட அழையாமல் நுழைய முடியாது. பாதிக்கப்பட்ட நாடு சம்மதிக்க வேண்டும் என்பது 1991ஆம் ஆண்டின் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்திலேயே இருக்கிறது. அது அதிகாரிகளின் வறட்டுப் பிடிவாதம் மட்டும் அல்ல. 2004இல் இந்தியாவே, மன்மோகன் சிங் பிரதமராக இருந்தபோது, வெளிநாட்டு அரசுகளின் உதவி இப்போதைக்கு வேண்டாம், நாங்களே சமாளிக்கிறோம் என்றது. அதே சமயம் நம் கடற்படை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல் அனுப்பியது. மாலத்தீவுக்குப் போனதற்கு ஆபரேஷன் காஸ்டர் என்று பெயர், தமிழகக் கரைக்கு ஆபரேஷன் மதத். அந்த முடிவு சரியா என்று அன்றைக்கு டீக்கடையில் சண்டையே நடந்தது. தமிழகக் கரையைப் பொறுத்தவரை எனக்கு அதில் குறை தெரியவில்லை. கடலூரில் அப்போது ஆட்சியராக இருந்தவர் ககன்தீப் சிங் பேடி. மாவட்டத்தில் 600க்கும் மேல் சாவு. ஆனாலும் முகாம், சோறு, தண்ணீர் எல்லாம் வேகமாகவே நடந்தன. நிக்கோபார் விஷயம் வேறு. அங்கே 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு விதிமுறைப்படி வெளியார் அனுமதியில்லாமல் போகக் கூடாது. எங்கள் ஆட்களே அனுமதிச் சீட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. பின்னால் தீவுக்குப் போய், அழையாமல் வந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்டபோது, அந்தச் சீட்டு இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டுக் கிடைத்திருக்கலாமே என்று தோன்றியது.

டோங்காவைப் பாருங்கள். கொரோனா உலகம் முழுக்க ஆடிய காலத்திலும் அந்த நாட்டில் தொற்று அநேகமாக இல்லை. உதவிக்கு வந்த அடிலெய்டு என்ற ஆஸ்திரேலியக் கப்பலில் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. ஆகவே ஆளோடு ஆள் தொடாமல் சரக்கை ஜெட்டியில் இறக்கிவிட்டுக் கப்பல் விலகிக்கொள்ள, உள்ளூர்க்காரர்கள் அதை 72 மணி நேரம் சும்மா போட்டுவைத்து அப்புறம் எடுத்தார்கள். அவசர உதவியை மூன்று நாள் வெயிலில் காயப்போடுவதா என்று வெளியிலிருந்து கேட்பது சுலபம். அலைக்குத் தப்பியவர்களை உதவி கொண்டுவந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாதல்லவா. கடலடிக் கேபிளும் அறுந்து ஐந்து வாரம் சரியான இணையமும் இல்லை. எந்தத் தீவுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே வழியில்லாமல் விமானத்தில் பறந்து படம் எடுத்துப் பார்த்தார்கள். மாங்கோ என்ற தீவில் ஒரு வீடுகூட மிச்சமில்லை என்பது அப்படித்தான் தெரிந்தது.

சரி, படகும் வந்தது, அனுமதியும் கிடைத்தது, மூட்டை மணலில் இறங்கிவிட்டது. யாருக்குக் கொடுப்பது? இங்கேதான் நல்ல மனசுக்காரர்கள்கூடச் சறுக்குவார்கள்.

நம் கடற்கரை ஊர்களில் எதைப் பங்கிட்டாலும் தலைக்கட்டுக் கணக்கு. ஊருக்கு வரி கொடுக்கிற குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு தலைக்கட்டு. ஊர்த் தலைவரான நாட்டாரிடம் சரக்கை ஒப்படைத்தால் ஒரு மணி நேரத்தில் அடிதடி இல்லாமல் எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். எந்த வெளிநாட்டு நிறுவனத்தாலும் முடியாத காரியம். நானும் அப்படித்தான் ஒரு குப்பத்தில் ஸ்டவ்வும் பாத்திரமும் கொடுத்தேன். எல்லாம் முடிந்து நோட்டை மூடும்போது ஒரு அம்மா வந்து, "தம்பி, அவரு இல்லைன்னா என் தலக்கட்டும் இல்லையா?" என்றார். அலையில் கணவர் போனவர். வரி கட்டும் ஆண் இல்லாததால் பட்டியலில் அந்த வீடே இல்லை. நாட்டாரைக் குறை சொல்லவில்லை, அந்த முறை சாதாரண நாளுக்கு ஏற்பட்டது. அவரிடம் போய்ச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார், மறுநாளே சேர்த்தார். ஆனால் அந்த அம்மா வந்து கேட்காமல் இருந்திருந்தால்? கிள்ளை, பிச்சாவரம் பக்கம் கழிமுகத்தில் மீனும் இறாலும் கையால் தடவிப் பிடித்துப் பிழைக்கும் இருளர்கள் எந்தக் குப்பத்தின் தலைக்கட்டிலும் வரமாட்டார்கள். படகு இல்லாததால் 'படகு இழந்தவர்' பட்டியலிலும் இல்லை.

நிக்கோபாரில் இதற்கு நேர் எதிரான தப்பு. அங்கே துஹெத் என்று கூட்டுக் குடும்பம். அறுபது, எழுபது பேர்கூட ஒரே துஹெத்தில் இருப்பார்கள். தென்னந்தோப்பும் பன்றியும் அதற்குப் பொது. அரசாங்கக் கணக்கோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்று பிரித்தது. பணமும் தனித்தனி வங்கிக் கணக்கில் போனது. பொதுவாக இருந்த வீட்டில் தனித்தனிப் பணம் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இரும்புத் தகட்டுக் கொட்டகைகளும் அதே கணக்கில்தான் வரிசையாக நின்றன. கடல் காற்று வாங்கும் கூரை வீட்டில் இருந்தவர்கள் மத்தியானம் அதற்குள் இருக்க மாட்டார்கள், மரத்தடியில்தான் இருப்பார்கள்.

இப்போது உங்கள் மூட்டைகள். கேட்காமல் வரும் பொருளுக்கு இந்தத் தொழிலில் ஒரு பயம் உண்டு. 2005 ஜனவரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள், சாலையோரம் பழந்துணி மேடு மேடாகக் கிடந்தது. கம்பளி ஸ்வெட்டர், கோட்டு, கிழிந்த பாவாடை. மீனவர்கள் தொடவில்லை. அலையில் எல்லாம் போனாலும் பிச்சைக்காரர் ஆகிவிடவில்லையே அவர்கள். அந்தத் துணியை அள்ளி அப்புறப்படுத்தவும் ஆளும் லாரியும் வேண்டியிருந்தது. அதே சுனாமிக்குப் பின் அச்சேவுக்கு வந்த மருந்து ஏறத்தாழ 4,000 டன். பெரும்பகுதி அங்கே தேவைப்படாதது, பல அட்டைகளில் எழுத்தே அங்குள்ளவர்களுக்குப் புரியாதது. 600 டன்னை அழிக்க வேண்டி வந்தது, அதற்குத் தனிச் செலவு. 2015இல் பாம் புயலுக்குப் பிறகு பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவுக்குக் கேட்காமல் வந்த கன்டெய்னர்களில் குதிகால் உயர்ந்த செருப்பும் கைப்பையும் இருந்தன. சிரிக்கலாம். ஆனால் சின்னத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் நிற்கும் இடம், தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் இறங்க வேண்டிய இடம்.

அதனால் தீவுகளுக்கு நீங்கள் புதுச்சேரியிலிருந்து பொருள் அனுப்ப வேண்டாம். பணம் அனுப்புங்கள், அதுவும் அந்த நாட்டில் ஏற்கெனவே கிளை வைத்திருக்கும் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புக்கு. அரிசியும் பாத்திரமும் பக்கத்துத் தீவுக் கடையிலேயே கிடைக்கும், அந்தக் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். பணத்திலும் ஒரு வம்பு உண்டு. 2004 சுனாமிக்கு உலகம் முழுக்கச் சேர்ந்த உதவி ஏறத்தாழ 1,350 கோடி டாலர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஒரு வாரத்திலேயே, இந்தச் சுனாமிக்கு இனி பணம் வேண்டாம், எங்களால் செலவழிக்க முடிவதற்கு மேல் வந்துவிட்டது என்று அறிவித்தது. அந்த நேர்மை எனக்கு இன்றும் ஆச்சரியம். மற்றவர்கள் பலர் வாங்கிக்கொண்டே போனார்கள். செலவு காட்ட வேண்டுமே, நம் கடற்கரையில் படகு படகாகக் கொடுத்தார்கள். அவசரத்தில் செய்த பைபர் படகுகள் சில, ஒரு பருவம் தாண்டவில்லை.

இன்னொன்று, முதல் வாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 2004 சுனாமியில் மாலத்தீவின் கண்டொல்ஹுதூ தீவு வாழ முடியாமல் போய், அந்த ஊர் மக்கள் முழுவதையும் ஆளில்லாத துவாஃபரு என்ற தீவில் புதிதாக ஊர் கட்டிக் குடியேற்றினார்கள். செஞ்சிலுவை அமைப்பு கட்டியது, பணத்துக்குப் பஞ்சமில்லை. அப்படியும் ஆட்கள் குடிபோனது ஏறத்தாழ நாலு வருஷம் கழித்துத்தான். செங்கல், சிமென்ட், கம்பி என ஒவ்வொன்றும் கடல் வழியாகத்தானே வர வேண்டும். மாலத்தீவில் தீவுக்குத் தீவு சரக்கு கொண்டுபோகும் படகுக்கு என்ன பெயர் தெரியுமா? தோணி. உச்சரிப்பு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

உங்கள் வகுப்பில் மெக்கானிக்கல் படிப்பவர்கள் இருந்தால் ஒரு யோசனை. உப்புத் தண்ணீர் குடித்த படகு இஞ்சினைப் பிரித்துக் கழுவி ஓடவைக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். முதுநகரில் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள், நான் அழைத்துப்போகிறேன். முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் விட்டால் இஞ்சின் பிழைக்கும், ஒரு வாரம் விட்டால் இறுகிவிடும். இது தீவுக்கும் பொருந்தும், தேவனாம்பட்டினத்துக்கும் பொருந்தும்.

போர்வைக்கு வருகிறேன். எங்கேயும் அனுப்பாதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் தண்ணீர் எதுவரை நின்றது என்று உங்களுக்கே தெரியும். அடுத்த சில நாளில் பெண்ணையாறு கடலூருக்குள் வந்தது. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் எங்கள் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடம் முகாமாகும். மூட்டையைப் பிரித்து, பூஞ்சை பிடித்ததைத் தனியே எடுத்துவிடுங்கள். மீதியைத் துவைத்து நன்றாகக் காயவைத்து, பத்துப் பத்தாகக் கட்டி, மேலே எண்ணிக்கையைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். கட்டு இருபது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஒரு சனிக்கிழமை குட்டியானை வண்டி ஒன்று பிடித்துக்கொண்டு வாருங்கள், எங்கள் தெருவில் மாடி அறை ஒன்று காலியாக இருக்கிறது.